சுகந்தி போடாத கையெழுத்து

அந்த அறையில் எப்போதும் எலுமிச்சை வாசனை அடிக்கும். சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி ஒன்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை 'புஸ்' என்று அதைத் தெளித்துக்கொண்டிருக்கும். அன்று நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோதும் ஒரு முறை தெளித்தது.

மேசை மேல் ஒரு தாள். அதன் மேல் மூடி கழற்றிய பேனா. மேசைக்கு இந்தப் பக்கம் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தும் அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"வாங்க மேடம்," என்றார் கிளை மேலாளர். "உங்க ஸ்டூடன்ட்தானே இது? நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

தாளை எடுத்துப் படித்தேன். நான்கே வரி. 'படிவத்திலுள்ள எல்லாக் கேள்விகளையும் வாடிக்கையாளர் தேவராஜிடம் தமிழில் கேட்டேன். தனக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று அவர் சொன்னார். சொன்னபடியே எழுதினேன்.' கீழே சுகந்தியின் பெயர். பெயருக்கு மேல், கையெழுத்துக்கு விட்ட இடம்.

"இது பொய் மேடம்," என்றாள் சுகந்தி. குரல் உயரவில்லை. "அவரு இருக்குன்னுதான் சொன்னாரு. நான் இருக்குன்னுதான் எழுதினேன்."

மன்னார்புரத்தில் மாடியில் இருந்த அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. மேலாளரின் பெயரையும் எழுதமாட்டேன். பயத்தால் அல்ல. பெயரை எழுதினால், 'ஓ, அந்தக் கம்பெனியா' என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை.

நூறு பெயர்

வேறொரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் க்ளெய்ம் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியதை இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். வீட்டில் சும்மா இருந்த என்னை இந்தக் கம்பெனி கூப்பிட்டது. கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகளுக்கு மூன்று மாதம் தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் மேசையில் 'வழிகாட்டி' என்று பலகை வைத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் காலையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுப்போம். ஒன்று முதல் நூறு வரை வரிசை எண் அச்சடித்திருக்கும். தெரிந்தவர்கள் பெயர்களையும் போன் நம்பர்களையும் அதில் எழுத வேண்டும். பெரியப்பா, சித்தி, பத்தாம் வகுப்பு டீச்சர், மளிகைக்கடைக்காரர், அக்கா கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தவர், யாராக இருந்தாலும் சரி. புதுச் சட்டையும் புது ஷூவும் போட்டுக்கொண்டு, வேலை கிடைத்த பூரிப்பில், ஸ்கூல் பரீட்சை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு எழுதுவார்கள்.

கம்பெனிக்கு வேண்டியிருந்தது அந்தத் தாள்தான். இது எனக்குப் புரிய இரண்டு பேட்ச் ஆயிற்று. பிள்ளைகளை வேலைக்கு எடுத்தது போல ஒரு தோற்றம். உண்மையில் எடுத்தது அவர்களுடைய சொந்தபந்தத்தை. நூறு பெயரும் தீர்ந்ததும், 'பெர்ஃபார்மன்ஸ் போதவில்லை' என்று ஒரு கடிதம் வரும். அந்த நாற்காலியில் அடுத்த புதுச்சட்டை வந்து உட்காரும்.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ரங்கா என்று ஒருவன் வந்தான். நல்ல குரல், நல்ல சிரிப்பு. நூறு பெயரை ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தவன் அவன் ஒருவன்தான். ஐந்தாவது மாதம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மேடம், பெரியப்பா ஆத்துல இப்போ நேக்குக் காபி கூடக் கொடுக்கறதில்லை. நான் உள்ளே நுழைஞ்சாலே டிவி சத்தத்தை ஜாஸ்தி பண்ணிடறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த வாரம் அவனுக்குக் கடிதம் வந்தது. கம்பெனிக்கு அவன் கொடுத்தது ஒரு வீதி முழுக்க இருந்த உறவு. கம்பெனி அவனுக்குக் கொடுத்தது கழுத்தில் மாட்டும் ஒரு நீல நாடா.

அந்த நூறு எண் தாள்களை வகுப்பில் விநியோகித்தது யார் என்று நீங்கள் கேட்கலாம். நான்தான்.

முப்பத்தொன்றோடு நிறுத்தியவள்

சுகந்தி முசிறிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். பி.காம். முடித்துவிட்டுப் பாலக்கரையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். முதல் நாள் வகுப்பில் அவள் முப்பத்தொரு பெயரோடு பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"மீதி?" என்றேன்.

"இதுக்கு மேல எழுதினா வெறும் பேருதான் மேடம். எனக்கு ஆளு தெரியாது."

அந்த முப்பத்தொரு பேரையும் அவள் அதிகம் தொந்தரவு செய்யவில்லை. கடை கடையாக ஏறினாள். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைகளில் பாதிப் பேர் அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஸ்ரீரங்கத்தில் கீழச்சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில், தையல் கடை வைத்திருந்த தேவராஜ் மட்டும் உட்காரச் சொன்னார். அவர் மனைவி ஜெயந்தி கடையிலேயே புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பாள். மூன்று நாள் போய், ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டி, மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தைச் சுகந்தி தன் கையால் நிரப்பினாள். சர்க்கரை உண்டா என்ற கேள்விக்குத் தேவராஜ் மாத்திரை அட்டையையே எடுத்துக் காட்டினாராம். அதைப் பார்த்து மாத்திரையின் பெயரைக்கூட எழுதினாள்.

அன்று மாதத்தின் கடைசி நாள். சர்க்கரை 'உண்டு' என்று போனால் ரத்தப் பரிசோதனை, தலைமை அலுவலகத்தின் அனுமதி என்று ஒரு வாரம் இழுக்கும். அந்த மாத விற்பனைக் கணக்கில் பாலிசி வராது. ஆகவே, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதிவாயிற்று. சுகந்தி எழுதிய காகிதம் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "கஸ்டமருக்கு ஒரு நம்பர் போயிருக்கும், கேட்டுச் சொல்லு" என்றார். அவளும் போன் போட்டாள். "அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கண்ணே." அவரும் சொன்னார். அந்த ஆறு இலக்கம்தான் சட்டப்படி தேவராஜின் சம்மதம். எதற்குச் சம்மதம் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பாலிசி ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக அவர் போனுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கடையில் யார் அதைத் திறந்து படிக்கப்போகிறார்கள்?

ஒரு வருடம் கழித்து மாம்பழச்சாலை பக்கத்தில் ஒரு வேன் தேவராஜின் ஸ்கூட்டரை இடித்தது. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. தையல் மிஷினை மிதிக்கிற கால்.

ஆஸ்பத்திரியில் பாலிசியைக் காட்டினார்கள். கம்பெனி மறுத்தது. பழைய மருந்துச் சீட்டுகளில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, படிவத்தில் அதை மறைத்திருக்கிறீர்கள், எனவே பாலிசியே செல்லாது. உடைந்த எலும்புக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எங்களுக்குப் பிரச்சினை எலும்பு இல்லை, உங்கள் பொய்தான் என்பார்கள். உண்மையைச் சொன்ன மனிதனைப் பொய்யனாக்கிவிட்டு, அந்தப் பொய்க்கு அவனையே தண்டிப்பது! என் இத்தனை வருட வேலையில் இப்படியொரு அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இரண்டு மிஷின்களில் ஒன்றை விற்றுத்தான் அவர் காலில் கம்பி வைத்தார்கள்.

ஜெயந்தி தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். அங்கிருந்து கிளையிடம் விளக்கம் கேட்டார்கள். அந்த விளக்கம்தான் மேலாளரின் மேசை மேல் இருந்த நான்கு வரி.

நான் சொன்னது

சுகந்தியை வெளியே அழைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் கேன் வைத்திருக்கிற மூலை. அங்கே நின்று நான் அவளிடம் என்ன சொன்னேன் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"போட்டுடும்மா. போடலைன்னா உன்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்க. கையில அனுபவச் சான்றிதழ்கூட வராது. போட்டுட்டு ரெண்டு மாசத்துல வேற கம்பெனிக்குப் போயிடு. நான் சொல்லி விடறேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தேவராஜ் அண்ணன்?"

"அவங்க கோர்ட்டுக்குப் போகட்டும். அது அவங்க பாடு."

இதைச் சொன்னது நான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, 'இன்சூரன்ஸ் என்றால் வாக்கு' என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே நான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். என் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த காலத்தில், துவாக்குடியிலிருந்து ஒரு பெண் கணவனின் பாலிசியோடு வந்தாள். பள்ளிச் சான்றிதழில் ஒரு வயது, ரேஷன் கார்டில் வேறொரு வயது. கோப்பில் 'ஏற்க இயலாது' என்று எழுதியவள் நான். விதிப்படி அது சரி. அவள் கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவரு செத்ததுல சந்தேகமாம்மா?" என்று கேட்டாள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அன்று பழகியது. அடுத்த டோக்கனைக் கூப்பிடப் பழகிவிட்டால், எல்லாமே அவங்கவங்க பாடுதான்.

"சரி மேடம்," என்றாள் சுகந்தி.

கையெழுத்துப் போடப் போகிறாள் என்றே நினைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனாள். பேனாவை எடுத்தாள். அதன் மூடியைத் தேடி எடுத்து, மூடி, மேலாளரின் பேனா ஸ்டாண்டில் செருகினாள். கழுத்திலிருந்த நீல நாடாவைக் கழற்றித் தாளின் மேல் வைத்தாள்.

"போயிட்டு வரேன் சார்."

என்னைக் கடந்துதான் படியிறங்கினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஹாலில் ஒரு குரல்

நேராக டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போயிருக்கிறாள். அந்த ஆறு இலக்க எண்ணைத் தன்னை எதற்காகக் கேட்க வைத்தார்கள் என்பதை, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்த தேவராஜிடம் சொல்லியிருக்கிறாள். ஜெயந்திதான் பிடித்துத் திட்டியிருக்கிறாள். உன் வயசுல எனக்கொரு பொண்ணு இருந்தா இப்படிச் செய்வாளா, உன்னை நம்பித்தானே கேட்ட எல்லாத்தையும் கொடுத்தோம் என்று, சந்து முழுக்கக் கேட்கும்படி. சுகந்தி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். திட்டி ஓய்ந்த பிறகுதான் ஜெயந்திக்கு ஞாபகம் வந்திருக்கிறது. படிவம் நிரப்பிய அன்று, 'பின்னால மறந்துடும் பாப்பா' என்று சுகந்தியிடம் சொல்லி அதைத் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் ஜெயந்தி மன்னார்புரத்துக்கு வந்தாள். திங்கட்கிழமை காலை. எங்கள் கிளையில் திங்கட்கிழமை தோறும் ஒரு கூத்து நடக்கும். போன வாரம் பாலிசி பிடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு பித்தளை மணியை அடிப்பார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். கைதட்டலுக்கு நடுவே, தோளில் துணிப்பையோடு அவள் ஹாலுக்குள் நுழைந்தாள். செக்யூரிட்டி பின்னாலேயே ஓடிவந்தார்.

"இங்க மேனேஜர் யாருங்க?"

மேலாளர் முன்னே வந்து உட்காரச் சொன்னார். ஜெயந்தி உட்காரவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்னன்னு படிங்க சார். 'சர்க்கரை நோய் உண்டா?' உண்டுன்னு டிக் போட்டிருக்கு. மாத்திரை பேரும் எழுதியிருக்கு. எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லிட்டாருன்னு லெட்டர் போட்டிருக்கீங்களே, பொய் சொன்னது யாருங்க?"

"அம்மா, போட்டோவை யாரு வேணா எப்படி வேணா மாத்தலாம். எங்க ரெக்கார்டுல இல்லைன்னுதான் இருக்கு."

"கொக்கி வைக்கிற கைங்க இது. போட்டோவை மாத்த எனக்குத் தெரியுமா சார்?"

புதிதாகச் சேர்ந்த பேட்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. ஜெயந்தி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். நரைத்த தலை அங்கே என்னுடையது ஒன்றுதான்.

"நீங்கதான் இவங்களுக்குப் பாடம் நடத்தற டீச்சராம்மா? நீங்க சொல்லுங்க. இது அந்தப் பொண்ணு எழுத்தா, இல்லையா?"

போனை என் கையில் கொடுத்தாள். பார்க்கவே தேவையில்லை. மூன்று மாதம் அவள் பயிற்சித் தாள்களைத் திருத்தியிருக்கிறேன். 'க'வின் வாலை நீட்டி, அடுத்த எழுத்தைத் தொட்டுக்கொண்டு எழுதுவாள். மாத்திரையின் பெயர்கூடத் தமிழில்தான் இருந்தது, அந்த நீண்ட வாலோடு.

மேலாளர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். 'தெரியலைன்னு சொல்லுங்க' என்று அர்த்தம்.

எனக்கு வீரமெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. கோபம்தான் வந்தது. அவர் தலையை அசைத்த விதத்தில் இருந்த உறுதி. இவள் அப்படியே சொல்லிவிடுவாள் என்ற உறுதி. அந்த உறுதியை அவருக்குக் கொடுத்ததே நான்தான், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று.

"சுகந்தி எழுத்துதான்," என்றேன். "எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

தானாக ஏற்பட்ட தவறு

மாதக் கடைசியில் என்னை வர வேண்டாம் என்றார்கள். ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. ஸ்ரீரங்கத்துக்குப் போய், தேவராஜ் கடையில் துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு எழுதினேன். வக்கீல் வேண்டாம், பாதிக்கப்பட்டவரே பேசலாம். சுகந்தியும் வந்தாள். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

சில மாதம் கழித்து போனில் வீடியோ விசாரணை வந்தது. மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நான்கு பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். கம்பெனித் தரப்பில் ஒருவர் சரளமாகப் பேசினார். இலக்கை எட்டாததால் வேலையிழந்த பெண், கம்பெனி மேலுள்ள ஆத்திரத்தில் பேசுகிறாள் என்றார். அப்போது குறைதீர்ப்பாளர் சுகந்தியிடம் கேட்டார்.

"உங்களுக்கு வேலை போன கோபம் இருக்கா?"

"இருக்கு சார்," என்றாள். "ஆனா வேலை போனது டார்கெட்டால இல்லை, பொய்யான விளக்கத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னதால. என் கோபத்தைத் தள்ளி வச்சிடுங்க சார். அந்தப் படிவம் எங்கன்னு அவங்களைக் கேளுங்க."

கேட்டார். சரளமாகப் பேசியவர் தண்ணீர் குடித்தார். படிவம் 'தேடப்பட்டு வருகிறது' என்றார்.

உத்தரவு தேவராஜுக்குச் சாதகமாக வந்தது. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்க வேண்டும், பாலிசியை மறுபடி நடப்புக்குக் கொண்டுவர வேண்டும். கொடுத்தார்கள். கூடவே ஒரு கடிதமும் அனுப்பினார்கள். 'பதிவின்போது ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறோம்.'

ஏற்பட்ட தவறு! யாரும் செய்யவில்லை, அதுவாக ஏற்பட்டுவிட்டது. பனி பெய்கிற மாதிரி, பல் விழுகிற மாதிரி. அந்தத் தவறு ஏற்பட்டபோது பக்கத்தில் இருந்த மேலாளருக்கு அதே மாதத்தில் பெரிய ஊருக்குப் பெரிய பதவியில் மாற்றல் வந்தது. சால்வை போர்த்திய படத்தை யாரோ எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சுகந்தியின் விடுவிப்புக் கடிதத்தில் 'திருப்திகரமாகச் செயல்படவில்லை' என்ற வரி இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

கேன்டீனில்

அந்த வரியைப் பார்த்துவிட்டு இரண்டு கம்பெனிகள் அவளை எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி எடுத்தது. இன்சூரன்ஸ் பிரிவில் உட்கார்ந்து, நோயாளிகளுக்காகக் கம்பெனிகளோடு போனில் மல்லுக்கட்டுகிற வேலை. அவளுக்காகவே செய்து வைத்த மாதிரி ஒரு வேலை.

சமீபத்தில் ஒரு நாள் மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் தயிர் சாதம் வாங்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். தேவராஜ் இப்போது மோட்டார் வைத்த மிஷினில் தைக்கிறார் என்றாள். வீட்டு விஷயம் பேசினோம். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில், சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"மேடம், அன்னைக்கு நீங்க சொன்னபடி நான் கையெழுத்துப் போட்டிருந்தா, நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

நல்ல பதில் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. மனசாட்சி, உறுத்தல் என்று. அவள் கண்ணைப் பார்த்ததும் அதைச் சொல்ல முடியவில்லை.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பேன்மா."

அவள் முகம் மாறவில்லை.

"தெரியும் மேடம்," என்றாள். "அதனாலதான் உங்ககிட்ட எதுவும் சொல்லாம போனேன்."

அவள் போன் அடித்தது. எடுத்து, "ஆமா சார், அந்தப் பேஷன்ட் ஃபைல் என் கையிலதான் இருக்கு, சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனாள்.